பிள்ளைகள் யாரிடம் திரும்பி வருகிறார்கள்?

மே மாதம் பிறந்தால் குமரி மாவட்டத்துச் சாலையோரங்களில் ஒருவகைப் பதாகைகள் முளைக்கும். சிங்கமோ கப்பலோ விண்வெளி ஓடமோ வரைந்து, மேலே அந்த ஆண்டின் தலைப்பை வளைத்து எழுதி, விடுமுறை வேதாகமப் பள்ளிக்குப் பிள்ளைகளை அழைக்கும் பதாகைகள். கீழே வரிசையாகப் படங்கள்: போதகர், செயலர், பொருளர், சிறப்பு விருந்தினர். பத்து நாளும் தொண்டை கட்டப் பாடி, வெயிலில் பிள்ளைகளை வரிசையில் நிறுத்தி, ஒன்றுக்குப் போக வேண்டும் என்று அழும் நான்கு வயதுக்காரனைக் கூட்டிப்போகும் பெண்களின் படம் அதில் இருக்காது. "மற்றும் ஓய்வுநாள் பள்ளி ஆசிரியைகள்" என்று ஒரு வரி இருந்தால் நல்ல சபை என்று எடுத்துக்கொள்ளலாம்.

ஜூனில் கமிட்டி கூடும். மேயில் ஆலயம் கொள்ளாமல் வந்த பிள்ளைகள் இப்போது ஞாயிற்றுக்கிழமை வகுப்புக்கு ஏன் வரவில்லை என்று கேட்பார்கள். கேள்வி நியாயமானது. அதற்குக் கிடைக்கும் பதில்கள்தான் ஆண்டுதோறும் ஒன்றாகவே இருக்கின்றன. அடுத்த முறை மேஜிக் ஷோ வைப்போம், எல்இடி திரை வாடகைக்கு எடுப்போம், வெளியூர்க் குழுவைக் கூப்பிடுவோம், பரிசை எவர்சில்வர் டம்ளரிலிருந்து டிபன் பாக்ஸாக உயர்த்துவோம். கத்தோலிக்கப் பங்குகளில் மறைக்கல்வி ஆண்டுவிழாவைச் சுற்றியும் இதே பேச்சுதான். கடைசியில் யாராவது ஒருவர் பெருமூச்சோடு முடித்துவைப்பார்: அம்மைமாருக்கு அக்கறை இல்லை.

2011 கணக்கெடுப்பின்படி இந்த மாவட்டத்தின் 18,70,374 பேரில் ஏறக்குறைய 47 விழுக்காட்டினர் கிறிஸ்தவர்கள். ஆலயத்தின் மே மாதமும் டிசம்பர் மாதமும் இங்கே கிட்டத்தட்டப் பாதி மாவட்டத்துப் பெண்களின் மே மாதமும் டிசம்பர் மாதமும் ஆகும். ஆகவே இதை ஆலயத்தின் உள்விவகாரம் என்று ஒதுக்கிவிட முடியாது. பெண்ணின் வேலையைப் பற்றிப் பேசுகிற எவரும் பேச வேண்டிய விஷயம் இது.

நான் சொல்ல வருவது சின்ன விஷயம். நிகழ்ச்சிக்கு ஒரு பிள்ளை ஒருமுறை வரும். திரும்பி வருவது ஓர் ஆளிடம். தன் பெயரைத் தெரிந்த, போன வாரம் காய்ச்சல் என்று படுத்திருந்ததை நினைவு வைத்திருந்து "என்ன மக்களே, இப்ப சொகமா?" என்று கேட்கிற ஆளிடம். அந்த ஆள் நம் ஊரில் பெரும்பாலும் ஒரு பெண். அவளுக்கு என்ன நடக்கிறது என்று பார்க்காமல் பிள்ளைகளைத் தக்கவைக்கத் திட்டம் போடுவது, பசுவைக் கேட்காமல் பால் கணக்கு எழுதுவது போல.

இது இன்று நேற்று வந்த பழக்கமும் அல்ல. ஞாயிறு பள்ளியை 1780இல் இங்கிலாந்தின் குளோஸ்டர் நகரில் ராபர்ட் ரெய்க்ஸ் தொடங்கினார் என்றுதான் சொல்லித்தருகிறார்கள். அவர் பத்திரிகை நடத்தியவர், செய்தி பரவியது. அதற்குப் பதினொரு ஆண்டுகளுக்கு முன்பே, 1769இல், ஹை விக்கம் என்ற ஊரில் ஹன்னா பால் என்ற மெதடிஸ்டுப் பெண் பிள்ளைகளைக் கூட்டிவைத்துக் கற்பித்துக்கொண்டிருந்தார். ரெய்க்ஸின் முதல் பள்ளியும் மெரிடித் என்ற பெண்ணின் வீட்டில்தான் நடந்தது, பாடம் சொன்னவரும் அவர்தான். விடுமுறைப் பள்ளியின் கதையும் இப்படியே. அமெரிக்காவின் ஹோப்டேலில் 1894இல் மைல்ஸ் என்ற ஆசிரியை கோடை விடுமுறையில் பிள்ளைகளுக்கு வேதாகம வகுப்பு நடத்தினார். 1898இல் நியூயார்க்கின் ஏழைக் குடியேறிகள் வாழ்ந்த பகுதியில், தெருவில் திரிந்த பிள்ளைகளுக்காக ஒரு பெண் பியர் கூடம் ஒன்றை வாடகைக்கு எடுத்துப் பள்ளி நடத்தினார். வரலாற்றில் அவர் பெயர் திருமதி வாக்கர் ஏலெட் ஹாஸ். அதாவது கணவரின் பெயர். 1901 முதல் அந்த முறையை மற்றச் சபைகளுக்கு எடுத்துச் சென்ற ராபர்ட் போவில்தான் இயக்கத்தின் தந்தை எனப்படுகிறார். தந்தை என்றால் பெற்றெடுத்தவர் அல்ல என்பது நமக்குத் தெரிந்ததுதானே.

நாஞ்சில் நாட்டில் இந்தக் கதை இன்னும் கனமானது. 1819இல் நாகர்கோவிலில் லண்டன் மிஷன் பெண்பிள்ளைகளுக்கு விடுதிப்பள்ளி தொடங்கியது. நடத்தியவர்கள் மிஷனரிகளின் மனைவிமார். அவர்களுக்கென்று தனிச் சம்பளம் கிடையாது. மார்த்தா மால்ட் அங்கே கற்றுக்கொடுத்த லேஸ் பின்னல் விற்பனையானது, அந்தப் பணம் பள்ளிக்கு உதவியது. அடிமைக் குடும்பங்களில் பிறந்த பெண்கள் சிலர் லேஸ் வருமானத்தில் தங்கள் விடுதலையையே விலைகொடுத்து வாங்கினார்கள். திருவிதாங்கூரில் அடிமைமுறை ஒழிக்கப்பட்டது 1855இல்தான் என்பதை இங்கே நினைவில் வைக்க வேண்டும். நல்ல மனைவியராக்கப் போட்ட பயிற்சி எப்படி உழைத்துச் சம்பாதிக்கும் பெண்களை உருவாக்கியது என்ற முரணை ஜேன் ஹாகிஸ் தன் ஆய்வில் விரிவாகப் பேசுகிறார். மேல்துணி உடுத்தி வெளியே நடந்ததற்காகவே பெண்கள் அடிபட்ட ஊர் இது. 1858, 59இல் கலவரம் மூண்டபோது ஜெபக்கூடங்கள் எரிந்தன. 1859 ஜூலை 26 அன்று மன்னரின் அறிவிப்பு வந்தது. ஒரு பெண் உடுத்திக்கொண்டு ஆலயத்துக்கு நடந்து வருவதற்கே விலை கொடுத்த வரலாறு நமக்கு உண்டு. அந்தப் பெண்களின் பேத்திகளின் பேத்திகளைத்தான் இன்று "அக்கறை இல்லாத அம்மைமார்" என்கிறோம்.

இனி ஜூன் மாதக் கேள்விக்கு வருகிறேன்.

ஓய்வுநாள் பள்ளியில் கற்பிப்பவர்கள் யார் என்று எந்தச் சபையிலாவது எண்ணிப் பாருங்கள். கல்லூரியில் படிக்கும் பெண்கள், பி.எட். முடித்து வேலைக்குக் காத்திருக்கும் பெண்கள், தனியார் பள்ளியில் சொற்பச் சம்பளத்துக்குப் போகும் பெண்கள். ஓரிருவர் மூத்தவர்கள். பையன்கள் இருப்பார்கள், மைக்கையும் கீபோர்டையும் பார்த்துக்கொள்வார்கள். இந்தப் பெண்களில் பெரும்பாலோர் மணமாகாதவர்கள். சும்மாதானே இருக்கிறாள் என்று ஊர் நினைக்கிற அந்த நான்கைந்து ஆண்டுகளைத்தான் சபை தன் சிறுவர் ஊழியத்துக்கு எடுத்துக்கொள்கிறது. பிறகு கல்யாணம். அவள் மார்த்தாண்டத்துக்கோ தக்கலைக்கோ சென்னைக்கோ மஸ்கட்டுக்கோ போய்விடுகிறாள். போன இடத்துச் சபையில் அவள் புது மருமகள். அங்கே பிள்ளைகளின் பெயர் அவளுக்குத் தெரியாது, அவளை வகுப்பெடுக்கக் கூப்பிடுவதற்கு முன் மாமியாரிடம் கேட்க வேண்டும்.

இங்கே, அவள் விட்டுப்போன வகுப்பில், மூன்றாம் ஞாயிறு ஐந்து பிள்ளைகள் குறைவார்கள். ஐந்தாம் ஞாயிறு இன்னும் நான்கு பேர். பதிவேட்டில் குறைவது தெரிகிறது, கல்யாணம் தெரிவதில்லை. கமிட்டி மேஜிக் ஷோவுக்கு ஆள் தேடத் தொடங்குகிறது.

கடற்கரையில் நிலைமை கொஞ்சம் வேறு. முக்குவர் பெண்களைப் பற்றிக் கல்பனா ராம் 1991இல் வெளியிட்ட ஆய்வுநூல் குமரிக் கடற்கரையில் தங்கி எழுதப்பட்டது. அங்கே கல்யாணத்துக்குப் பின்னும் பெண் தன் தாய்வீட்டுக்கு அருகிலேயே வாழ்வதைப் பரவலான வழக்கமாக அவர் காண்கிறார். ஆண்கள் கடலில் இருக்க, வீட்டுப் பணமும் கடனும் கொடுக்கல்வாங்கலும் பெண்களின் வலைப்பின்னலில் ஓடுவதையும் காட்டுகிறார். அப்படிப்பட்ட ஊரில் மறைக்கல்வி எடுக்கும் பெண் கல்யாணத்துக்குப் பிறகும் அதே தெருவில்தான் இருக்கிறாள். பத்து ஆண்டுக்கு முன் அவளிடம் ஜெபம் படித்தவன் இன்று தன் பிள்ளையை அவளிடமே கூட்டி வருகிறான். இதை எந்த நிபுணரும் திட்டமாகத் தீட்டவில்லை. பெண் பெயர்த்து நடப்படாததால் கிடைத்தது. இதைச் சொல்லும்போது கடற்கரைப் பெண்ணின் வாழ்க்கை இலகுவானது என்று யாரும் புரிந்துகொள்ளக் கூடாது. கல்பனா ராமே அப்படிச் சொல்லவில்லை.

அடுத்து, குடும்பம் என்ற சொல். "குடும்பமாக வாருங்கள்" என்று அச்சிட்ட எல்லா அழைப்பிதழ்களிலும் ஒரே படம்: அப்பா, அம்மா, ஒரு பையன், ஒரு பெண், நால்வரும் சிரிக்கிறார்கள். குமரியில் ஞாயிற்றுக்கிழமை ஆலயத்துக்கு நடந்து வருகிற குடும்பம் எது? அப்பா வளைகுடாவில். அல்லது தூத்தூர்ப் பக்கத்து விசைப்படகில், கரை திரும்ப வாரக்கணக்கில் ஆகும். அல்லது ரப்பர்த் தோட்டத்துக்கு விடியுமுன் போய்விட்டார். அல்லது, சொல்வதற்கென்ன, நேற்றுக் குடித்தது இன்னும் தெளியவில்லை. வருவது அம்மாவும் பிள்ளைகளும். குடும்ப விழாவில் நடத்தும் தம்பதியர் போட்டிகளின்போது இந்த அம்மா பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து கைதட்ட வேண்டும்.

2017 நவம்பர் 30 அன்று ஒக்கி புயல் அடித்தபோது கோட்டாறு சவேரியார் திருவிழா நடந்துகொண்டிருந்தது. டிசம்பர் 3 அன்று நிறைவடைகிற திருவிழா அது. கடலுக்குப் போனவர்களைத் தேடிக் கரையில் பெண்கள் அழுதுகொண்டிருந்தார்கள். வள்ளவிளையிலும் சின்னத்துறையிலும் நீரோடியிலும் பல வீடுகளில் ஆண்கள் திரும்பவே இல்லை. உடல் கிடைக்காத கணவனுக்கு விதவை என்று சான்று வாங்கவே அலைந்த பெண்கள் இருக்கிறார்கள். அந்த வீடுகளின் பிள்ளைகள் அடுத்த ஆண்டும் அதற்கடுத்த ஆண்டும் "தந்தையர் தினம்" கொண்டாடும் வகுப்பில் உட்கார்ந்திருப்பார்கள் என்பதை நிகழ்ச்சி போடுகிறவர்கள் யோசிக்க வேண்டாமா? யோசிப்பவர்கள் இருக்கிறார்கள். ஆனால் அவர்கள் நிகழ்ச்சி நிரல் எழுதும் மேசையில் இல்லை, வகுப்பறையில் பிள்ளைக்குப் பக்கத்தில் இருக்கிறார்கள்.

வருகைப் பரிசைப் பற்றிக் கொஞ்சம் பேச வேண்டும். பார்ப்பதற்கு அதைவிட நியாயமான ஏற்பாடு இல்லை: ஐம்பத்திரண்டு ஞாயிறும் வந்த பிள்ளைக்குப் பரிசு. வராத பிள்ளை யார் என்று பாருங்கள். அம்மா அதிகாலையில் மீன் சந்தைக்குப் போக, கைக்குழந்தைத் தம்பியைப் பார்த்துக்கொண்டு வீட்டில் இருந்த பத்து வயதுப் பெண். வாரம் முழுக்க முந்திரி ஆலையில் நின்ற அம்மாவுக்கு ஞாயிறுதான் துணி துவைக்கும் நாள், கிணற்றடியில் கூடமாட நின்ற பெண். அவளுடைய அண்ணன் பெரும்பாலும் வந்திருப்பான். வருகைப் பரிசு வாங்குவது பிள்ளையின் பக்தி என்று நினைக்கிறோம். அந்த வீட்டில் வேலை யார் தலையில் விழுகிறது என்பதைத்தான் அந்த டிபன் பாக்ஸ் அளக்கிறது.

சில டீச்சர்கள் இதற்கு ஒரு வழி வைத்திருக்கிறார்கள். தம்பியை இடுப்பில் தூக்கிக்கொண்டே வா என்பார்கள். குழந்தை வகுப்பில் அழும், சிணுங்கும், பாயை நனைக்கும். மற்றொருவர் வாங்கி மடியில் வைத்துக்கொள்வார். வசனம் ஒப்பிக்கிற சத்தத்துக்கு நடுவே அது தூங்கும். இதைவிட நல்ல "குடும்ப ஈர்ப்புத் திட்டம்" நான் எங்கும் பார்க்கவில்லை. ஒரு பாயும் ஒரு மடியும் போதும். ஆனால் மேலிருந்து பார்வையிட வருகிறவர்களுக்கு இது ஒழுங்கீனமாகத் தெரியும்.

பெண்பிள்ளைகள் பன்னிரண்டு பதிமூன்றில் நின்றுபோவதற்கும் காரணம் தேடி வெகுதூரம் போக வேண்டியதில்லை. ஆலய வளாகத்தில் தாழ்ப்பாள் விழுகிற, தண்ணீர் வருகிற, வாளி இருக்கிற கழிப்பறை இருக்கிறதா? பவனி முடிந்து இரவு பத்து மணிக்கு அவளை வீட்டில் விடுவது யார் பொறுப்பு? ஒலிபெருக்கிக்கு ஜெனரேட்டர் உண்டு, ஆலயத்துக்குப் பின்பக்கம் ஒரு குண்டு பல்பு உண்டா? வளர்ந்த ஆண் எவனும் தனியறையில் ஒரு பிள்ளையோடு இருக்கக் கூடாது என்று எழுதி ஒட்டியிருக்கிறதா? போக்சோ சட்டம் 2012இல் வந்துவிட்டது. குற்றம் தெரிந்தும் சொல்லாமல் இருப்பதே அதில் குற்றம். "நம்ம சபை காரியம், வெளிய தெரிய வேண்டாம்" என்ற பேச்சுக்கு அதன்பின் இடமில்லை. பிள்ளைகள் திரும்பி வர வேண்டும் என்று விரும்புகிறவர்கள் முதலில் செலவழிக்க வேண்டிய இடம் இது. மேடை அலங்காரம் அப்புறம்.

மேடையில் நடப்பதையும் பார்ப்போம். கிறிஸ்மஸ் நாடகத்தில் மரியாளாக நிற்கிற பெண்ணுக்கு நீலத் துணி போர்த்தி, தலையைக் குனியவைத்து, ஒன்றும் பேசாதே என்று சொல்லி நிறுத்துகிறோம். லூக்கா எழுதிய மரியாளோ தேவதூதனிடம் எதிர்க்கேள்வி கேட்கிறவள். வலியவர்கள் ஆசனத்திலிருந்து விழுவதைப் பற்றிப் பாடுகிறவள். அந்தப் பாட்டைப் பத்து வயதுப் பெண்ணை உரக்கச் சொல்லவைத்தால் அவள் அடுத்த ஆண்டும் வந்து நிற்பாள் என்பது என் நம்பிக்கை. (மரியாள் வேடம் எப்போதும் நிறம் வெளுத்த பிள்ளைக்கும், ஊரில் பேர்பெற்ற வீட்டுப் பிள்ளைக்குமே போவது இன்னொரு கட்டுரைக்கான கதை.) மார்த்தாள், மரியாள் கதை இன்னும் வேடிக்கை. அடுப்படியில் அல்லாடுகிற மார்த்தாளைப் பார்த்து, மரியாள் உட்கார்ந்து கேட்பதே நல்லது என்று இயேசு சொன்ன கதையைப் பிள்ளைகளுக்கு நாம் பாடமாக நடத்துகிறோம். அதே நேரம் பக்கத்துக் கொட்டகையில் பத்துப் பெண்கள் பிள்ளைகளுக்குப் பயறும் கஞ்சியும் ஆக்கிக்கொண்டிருக்கிறார்கள். எழுந்து போய் ஒருவரை உட்காரவைக்கும் ஆண் ஒருவரும் இல்லை.

ஆண்கள் சமைப்பதே இல்லையா என்றால், சமைக்கிறார்கள். திருவிழாச் சமபந்திக்கு வார்ப்பைத் தூக்கி வைத்து, துண்டைத் தலையில் கட்டிக்கொண்டு, ஆளுயரக் கரண்டியால் கிண்டுவது ஆண்கள்தான். அவர்களுக்கு மேடையில் பொன்னாடை உண்டு. முந்தின இரவு உட்கார்ந்து உள்ளி உரித்து, தேங்காய் துருவி, கண் எரிய எழுந்தவர்களுக்கு இல்லை. பத்து நாளும் நாரங்கா வெள்ளம் கலக்கிக் கொடுத்தவர்களுக்கும் இல்லை. ஆக, சிக்கல் அடுப்படியில் இல்லை. ஒருநாள் வேலை கண்ணில் படுகிறது, அன்றாட வேலை படுவதில்லை.

வேதாகமத்திலேயே இதற்கு ஒரு சாட்சி இருக்கிறது. அப்பமும் மீனும் பகிர்ந்த அற்புதத்தை மத்தேயு எழுதும்போது சாப்பிட்ட ஆண்களை ஐயாயிரம் என்று எண்ணிவிட்டு, பெண்களையும் பிள்ளைகளையும் கணக்குக்கு வெளியே நிறுத்துகிறார். யோவான் எழுதும்போதோ அந்த ஐந்து அப்பத்தையும் இரண்டு மீனையும் வைத்திருந்தவனே ஒரு சிறுவன்தான் என்று தெரிகிறது. எண்ணப்படாத கூட்டத்திலிருந்துதான் சாப்பாடு வந்தது. அவனுக்கு அதைக் கட்டிக்கொடுத்தது யார் என்று யோவானும் சொல்லவில்லை. நம் ஊர் அம்மை ஒருத்தியிடம் கேட்டால் உடனே சொல்லிவிடுவாள்.

திருச்சபைகள் மாறவே இல்லை என்று சொல்ல மாட்டேன். கத்தோலிக்கத்தில் பெண்பிள்ளைகள் பீடத்தில் உதவ 1994இல் வழி திறந்தது. வாசகர், பீடத்துணைவர் பணிகள் 2021 ஜனவரியில் பெண்களுக்கும் உரியவை ஆயின. அதே ஆண்டு மே மாதம் மறைக்கல்வி கற்பித்தல் முறையான திருப்பணியாக நிறுவப்பட்டது. எத்தனை தலைமுறைப் பெண்கள் செய்து முடித்த வேலைக்கு அன்றுதான் பெயர் வந்தது! தென்னிந்தியத் திருச்சபை 2013இல் நந்தியால் பேராயத்துக்கு இ. புஷ்பலலிதாவைப் பேராயராகத் திருநிலைப்படுத்தியது. இவை பெரிய கதவுகள். நான் கேட்பது சின்னக் கதவு: மே மாதப் பள்ளியின் தேதியை முடிவு செய்யும் கூட்டத்தில் வகுப்பெடுக்கும் பெண்களும், அங்கே கையெழுத்துப் போட்டுப் பணம் எடுக்கும் உரிமையும். தேதியை அவர்கள் குறித்தால் பள்ளித் திறப்புக்குச் சீருடை தைக்க ஓடும் கடைசி வாரத்தில் குறிக்க மாட்டார்கள். பணம் அவர்கள் கையில் இருந்தால் முதலில் கழிப்பறைக்குத் தாழ்ப்பாள் வாங்குவார்கள்.

திருவிழா முடிந்ததும் ஆலயச் சுவரில் வரவு செலவு ஒட்டுவார்கள். நான் அதை நின்று வாசிக்கிற வழக்கம் உள்ளவள். பந்தல், ஒலி ஒளி, பேண்டு வாத்தியம், வாணவேடிக்கை, விருந்தினர் வழிச்செலவு, பொன்னாடை. ஆசிரியைகளின் பஸ் கட்டணம் என்று ஒரு வரியை இதுவரை நான் பார்த்ததில்லை. ஊழியத்துக்குக் கூலியா என்று கேட்பார்கள். ஒலிபெருக்கிக்காரரிடம் யாரும் அப்படிக் கேட்பதில்லை.

நான் படித்த வகுப்பின் டீச்சர் ஒரு நாற்பது பக்க நோட்டு வைத்திருந்தார். அதில் எங்கள் பெயரும், பெயருக்கு நேரே அவருக்கு மட்டும் புரிகிற குறிப்புகளும் இருக்கும்: இவளுக்கு அப்பா இல்லை, இவன் சாப்பிடாமல் வருவான், இவளை முன்வரிசையில் உட்காரவைக்க வேண்டும், கண் சரியில்லை. கல்யாணமாகிப் போனபோது அவருடைய டிரங்குப் பெட்டியில் துணிகளோடு அந்த நோட்டும் போயிற்று. அடுத்து வந்த டீச்சரிடம் கமிட்டி கொடுத்தது வருகைப் பதிவேட்டை.